நிம்மதிக் கூடம்

முப்பது ஆண்டு இல்லறத்தில் தம் வீட்டில் ஒருமுறைகூடச் சத்தம் எழுந்ததில்லை என்பதை மங்கையர்க்கரசி அம்மையார் தம் வாழ்வின் பெரும் பேறாகக் கருதியிருந்தார். குடும்ப நல நீதிமன்றத்தின் ஆலோசகர் அவர். கணவனும் மனைவியும் எதிரெதிரே அமர்ந்து ஒருவரையொருவர் சொற்களால் கிழித்துக்கொண்டிருக்கையில், இருவரும் மூச்சு வாங்கும் இடைவெளி பார்த்து, "எங்க வீட்டுக்கு ஒருநாள் வந்து பாருங்க. தட்டு வைக்கிற சத்தம்கூடக் கேக்காது" என்பார்.

அது வெறும் வாய்ச்சொல் அன்று. அன்று காலையிலும், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய கணவர் சிதம்பரநாதன், காப்பி டம்ளரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தது அவருக்குத் தெரியவில்லை. செய்தித்தாளிலிருந்து தலைநிமிர்ந்தபோது டம்ளர் அங்கே இருந்தது. கணவர் அடுத்த அறைக்குப் போய்விட்டிருந்தார். பகலெல்லாம் ஊரார் சண்டையைக் கேட்டுத் தலைவலியோடு வருகிறவருக்கு வீட்டிலாவது அமைதி வேண்டும் என்பதை அந்த மனிதர் சொல்லாமலே அறிந்துகொண்டவர். அப்படியொரு துணை எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று அம்மையார் அவ்வப்போது எண்ணிக்கொள்வார்.

அந்த அமைதியை ஊருக்கும் பங்கிட வேண்டும் என்ற ஆசையில்தான் நிம்மதிக் கூடத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார். முன்பு பழைய வழக்குக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்த பின்புறத்து அறை அது. சுவரெங்கும் ஒலியை விழுங்கும் பலகைகளைப் பதித்து, நடுவில் உயர்ந்த முதுகுடைய இரண்டு நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். நாற்காலியின் தலைப்பக்கத்தில் ஒலிபெருக்கிகள் மறைந்திருந்தன. ஒரு நாற்காலியில் ஒலிப்பது அடுத்த நாற்காலிக்குக் கேட்காது. கூடம் வந்து ஓராண்டுக்குள், வழக்குக்கு வந்த இணைகளில் பெரும்பாலோர் ஒன்றாகவே வீடு திரும்பினர். தாழ்வாரத்தில் அழுகுரலும் வசையும் அடங்கின. வெளிமாவட்டத்திலிருந்தெல்லாம் நீதிபதிகள் வந்து பார்த்துச் சென்றார்கள்.

அன்றைக்கு முதல் இணை செண்பகவல்லியும் இசக்கிராஜாவும்.

நூற்பாலை ஒன்றில் இயந்திரம் பழுதுபார்ப்பவன் இசக்கிராஜா. வெளுத்த சட்டை, வகிடெடுத்துப் படிய வாரிய தலை, எதையும் கூர்ந்து கேட்கிற முகம். மணமுறிவு கேட்டு மனுச் செய்தவள் அவன் மனைவி செண்பகவல்லி. ஒரு வாரத்துக்கு முன்னால் அம்மையார் அவளைத் தனியாக அழைத்துப் பேசியிருந்தார். அந்தப் பேச்சு அவருக்குச் சலிப்பையே தந்திருந்தது.

"அடிப்பாரா?"

"இல்ல மேடம்."

"குடிப்பாரா?"

"பீடிகூடக் கிடையாது."

"வேற பழக்கம் ஏதாவது…"

"சேச்சே. அவுகளுக்கு மில்ல விட்டா வீடு, வீட்ட விட்டா மில்லு."

"பின்ன என்னதாம்மா குறை?"

செண்பகவல்லி நெடுநேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள். "அலமாரியத் தொறந்தா 'என்ன சத்தம்?'னு கேப்பாக. டப்பாவ மூடுனா 'என்ன சத்தம்?' கொல்லையில ரெண்டு தடவ குழாய் தொறந்தா, ரெண்டாவது தடவ எதுக்குன்னு கேப்பாக. நான் 'ஒண்ணுமில்ல'ம்பேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மேடம்."

சொல்லி முடிக்கும்போதே, அது எத்தனை சிறிய குற்றச்சாட்டு என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டாள். இசக்கிராஜாவை அழைத்துக் கேட்டபோது அவன் மறைக்கவில்லை.

"சத்தம் வந்தா எங்கயோ பழுதுன்னு அர்த்தம் மேடம். மில்லுல என் வேலையே அதான். எந்த பேரிங் எப்பப் போகும்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிருவேன். வீட்டுல ஒரு சத்தம் கேட்டா என்னன்னு விசாரிக்கக் கூடாதா? நான் கத்துதனா? கை நீட்டுதனா? நம்ம வீட்டுல சத்தமே கிடையாது மேடம், அக்கம்பக்கத்துல கேட்டுப் பாருங்க."

அந்தக் கடைசி வாக்கியம் அம்மையாருக்கு அவன்மேல் ஒரு பரிவையே உண்டாக்கிவிட்டது.

கூடத்தில் அமருமுன் ஒரு வாரம் அந்த இணையின் வீட்டில் சிறிய ஒலிவாங்கி ஒன்றை மாட்டிவைப்பது வழக்கம். ஊரார் அதற்குக் 'காது' என்று பெயரிட்டிருந்தார்கள். இருவரும் சம்மதித்தால்தான் மாட்டுவார்கள். அன்று காலை அதைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தவன் ஜெபசிங். கருவி தந்த நிறுவனத்தின் பொறியாளன், வாய் ஓயாதவன்.

இசக்கிராஜா கருவியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "இதுல என்ன வச்சிருக்கீங்க தம்பி? மழை, கடல் அலை அப்படியா?"

"அதெல்லாம் விளம்பரத்துக்கு அண்ணாச்சி. ஒழுகுற வீட்டுல படுத்து வளர்ந்தவனுக்கு மழைச் சத்தத்தப் போட்டா நிம்மதியா வரும்? எந்திரிச்சுப் பாத்திரம் தேடுவான். கடல்ல ஆளப் பறிகொடுத்தவனுக்கு அலைய எப்படிப் போட முடியும்? அவனவன் வீட்டுச் சத்தத்துல ஏதோ ஒண்ணுதான் அவனவனுக்கு மருந்து. எதுன்னு அவனுக்கே தெரியாது. இந்தக் கருவி ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்க்கும். கையில கட்டுற பட்டை நாடியப் பார்க்கும், மூச்சப் பார்க்கும். எந்தச் சத்தத்துல ரெண்டும் இறங்குதோ அதப் பிடிச்சுக்கிடும். போன மாசம் ஒரு வக்கீல் வந்தாரு. அவருக்கு இட்லிக் கொப்பரை மூடி ஆடுற சத்தம்…"

"ஜெபசிங்!" என்றார் அம்மையார்.

"பேரு சொல்லலியே மேடம்."

"வீட்டுல பேசுனது எல்லாம் இதுல இருக்குமா?" என்று இசக்கிராஜா கேட்டான்.

"பேச்சு ஒரு சொல் இருக்காது. கருவியே நீக்கிரும். வெறும் சத்தம்தான். அதையும் அப்படியே போடமாட்டோம். மெதுவாக்கி, மங்கலாக்கி, ஒரு ரீங்காரத்தோட கலந்து போடுவோம். இன்ன சத்தம்னு உங்களுக்குத் தெரியாது. உடம்புக்கு மட்டும் தெரியும்."

ஒருவருக்கு ஒலித்தது இன்னது என்று அடுத்தவர் கேட்கக் கூடாது, ஆலோசகரும் கேட்கக் கூடாது, வழக்கு முடிந்ததும் ஒலிகள் யாவும் அழிக்கப்பட வேண்டும். இவை மங்கையர்க்கரசி அம்மையார் தாமே வகுத்த விதிகள். ஒருவருடைய நிம்மதி அவருடைய அந்தரங்கம் என்பது அவர் கொள்கை.

இருவருக்கும் தேநீர் வந்தது. செண்பகவல்லி இரண்டு மிடறு குடித்துவிட்டு டம்ளரைச் சிறுமேசைமேல் வைத்தாள். வைக்குமுன் அதன் அடியில் தன் சுண்டுவிரலைக் கொடுத்தாள். விரல்மேல் டம்ளர் இறங்கியது; பிறகு விரலை மெல்ல உருவிக்கொண்டாள். எஃகு டம்ளர் மரத்தைத் தொட்ட ஓசையே எழவில்லை. எத்தனை பதமான பெண் என்று அம்மையார் நினைத்தார்.

இருவரும் நாற்காலிகளில் சாய்ந்தார்கள். ஜெபசிங் பட்டைகளைக் கட்டிவிட்டுத் திரையருகே போய் உட்கார்ந்தான். கருவி தன் தேடலைத் தொடங்கியது. வழக்கமாக அதற்கு நேரம் பிடிக்கும். நாடியின் கோடு ஏறும், இறங்கும், தயங்கும். செண்பகவல்லியின் கோடு அப்படித் தயங்கவில்லை. ஏதோ ஒன்றைத் தொட்டவுடன் மலைச்சரிவில் உருளும் கல்லைப் போல் இறங்கித் தாழ்நிலத்தில் நின்றுவிட்டது.

"இப்படி ஒரு இறக்கம் நான் பார்த்ததே இல்ல மேடம்" என்று ஜெபசிங் கிசுகிசுத்தான்.

அவள் தோள்கள் தளர்ந்தன. நெற்றிச் சுருக்கம் விலகியது. உதட்டோரம் ஒரு சிரிப்பு முளைத்தது. அடுத்த நாற்காலியிலிருந்த இசக்கிராஜா அதைப் பார்த்துவிட்டான். அவனுடைய கோடும் அதற்குள் நன்றாகவே இறங்கியிருந்தது, குரல் குழைந்தது.

"சிரிக்கா மேடம். இவ இப்படிச் சிரிச்சுப் பார்த்து எத்தன காலமாச்சு. பாருங்க."

அம்மையாரின் நெஞ்சு நிறைந்தது. இந்த நொடிக்காகத்தானே இத்தனை பாடும். அவர் செண்பகவல்லியின் அருகே குனிந்து, பழகிய மென்குரலில், "என்னம்மா, வீட்டுக்குப் போவமா? ரெண்டு பேரும் சேர்ந்து?" என்று கேட்டார்.

"சரி மேடம்."

"மனசாரத்தானே?"

"ஆமா மேடம். போறேன்."

எழுத்தரிடம் சொல்லி உடன்பாட்டுக்கு ஏற்பாடு செய்யும்படி இசக்கிராஜாவை அம்மையார் முன்னே அனுப்பினார். அவன் கைப்பட்டையைக்கூடக் கழற்றாமல் உற்சாகமாக எழுந்து போனான். செண்பகவல்லி எழவில்லை.

"எந்திரிம்மா."

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமா மேடம்?"

"வீட்டுக்குப் போக சரின்னுட்டியே. போய் நிம்மதியா இரு."

"சரிதான் மேடம். வீட்டுக்குப் போறேன்." அவள் நாற்காலியின் கைகளைப் பற்றிக்கொண்டாள். "ஆனா இந்த நாக்காலிய விட்டு எந்திரிக்க மனசு வரமாட்டேங்கு."

ஓராண்டாக எத்தனையோ பேர் 'சரி' என்று சொல்லிவிட்டு எழுந்துபோனதை அம்மையார் கண்டிருந்தார். எழ மாட்டேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. அவர் ஜெபசிங்கைப் பார்த்தார். அவன் ஒலியை நிறுத்தினான்.

திரையில் கோடு விசுக்கென்று ஏறியது. செண்பகவல்லி விழித்துக்கொண்டவளைப் போல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மேசையில் பாதித் தேநீரோடு இருந்த டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். திரும்ப வைத்தாள். அறையில் கணவன் இல்லை. சுவரோ ஒலியை விழுங்கும் சுவர். அப்படியிருந்தும் சுண்டுவிரல் முதலில் போய் மேசையைத் தொட்டது.

இந்த முறை அது அம்மையாருக்குப் பதமாகத் தெரியவில்லை. அவருடைய பார்வை அவள் கைக்குப் போயிற்று. இரண்டு கையிலும் ஒற்றை ரப்பர் வளையல்.

"கண்ணாடி வளையல் போடுறதில்லையா நீ?"

"போடுவேன் மேடம்." சற்றுத் தயங்கி, "சில நேரம்" என்றாள்.

அம்மையார் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஜெபசிங், இவங்களுக்குப் போட்ட சத்தத்த மங்கலாக்காம, அப்படியே போடு. எனக்குக் கேக்கணும்."

"மேடம், அது நீங்க போட்ட விதி."

"எனக்குத் தெரியும். அம்மா செண்பகம், உனக்கு நிம்மதி கொடுத்த சத்தம் என்னன்னு நீ கேக்கலாம். கூட நானும் கேக்கலாமா? வேண்டாம்னா நான் வெளியே நிக்கிறேன்."

செண்பகவல்லி ஒரு கணம் யோசித்துவிட்டு, "இருங்க மேடம்" என்றாள்.

அறை முழுதும் ஒலி எழுந்தது.

முதலில் இரும்புக் கேட்டின் கொக்கி விழும் ஓசை. அதன்பின் ஒரு பழைய பெட்ரோல் வண்டியை உதைக்கும் ஓசை. ஒரு முறை, மறுமுறை. வண்டி உயிர் பெற்று உறுமியது. தெருவில் ஓசையற்ற மின்வண்டிகளே ஓடும் இந்நாளில் அப்படியொரு வண்டி வைத்திருப்பவர் வெகு சிலர். உறுமல் நகர்ந்தது. தெருவின் நீளம் முழுதும் கேட்டது. முனையில் திரும்புகையில் சுருதி மாறியது. பிறகு தேய்ந்தது. தேய்ந்து தேய்ந்து, ஒரு நூலாகி, அற்றுப்போனது.

அதற்கப்புறம் ஒரு நீண்ட பெருமூச்சு.

அதன்பிறகுதான் அந்த வீட்டில் உயிர் வந்தது. அலமாரிக் கதவு படீரென்று திறந்தது. கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. குழாய் கொட்டியது. பாத்திரம் ஒன்றின் மூடி கைநழுவித் தரையில் விழுந்து, சுற்றிச் சுற்றி ஆடி, தானாகவே அடங்கும்வரை சத்தமிட்டது, எடுப்பார் இல்லை. அந்தச் சந்தடிக்கு நடுவே, சொற்கள் ஏதுமின்றி, ஒரு பெண்ணின் குரல் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டு அடுக்களையிலிருந்து கொல்லைக்கும் கொல்லையிலிருந்து அடுக்களைக்கும் போய்வந்தது.

செண்பகவல்லி முதலில் சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதயா மேடம் கேட்டுக்கிட்டு இருந்தேன்?"

"ஆமாம்மா."

"அவுக கிளம்பிப் போற சத்தத்தக் கேட்டுக்கிட்டா, அவுக கூடப் போறேன்னு சொன்னேன்?"

ஜெபசிங் தலையைச் சொறிந்துகொண்டு திரையையே பார்த்திருந்தான்.

"இப்பச் சொல்லு" என்றார் அம்மையார் கடைசியில். "எந்தச் சத்தமும் இல்ல. யாரும் பக்கத்துல இல்ல. யோசிச்சுச் சொல்லு."

"போகல மேடம்." உடனே வந்தது பதில். சிறிது பொறுத்து, "அவுகளும் இதக் கேக்கட்டும்" என்றாள்.

"கோபம் வராதா? பின்னால உனக்குத்தானே…"

"வரட்டும். நான் இங்கன இருந்து நேரா எங்க அக்கா வீட்டுக்குத்தான் போகப் போறேன். எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியல மேடம். சொன்னாலும் இதெல்லாம் ஒரு குறையான்னு கேக்காக. நீங்களே அப்படித்தான் பார்த்தீக." அம்மையார் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொள்ளவில்லை. "அவுகளுக்குச் சொன்னா புரியாது. சத்தம்னா புரியும்."

இசக்கிராஜாவை அழைத்துவந்து உட்காரவைத்தார்கள். எழுத்தர் எங்கே கையெழுத்திடச் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டே வந்தவன், மூவர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"உங்க வீட்டுக்காரிக்கு நிம்மதி தந்த சத்தம் அண்ணாச்சி" என்றான் ஜெபசிங். "அவங்க கேக்கச் சொன்னாங்க."

கொக்கி விழுந்தது. வண்டி உறுமியது. இசக்கிராஜாவின் முகம் மலர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டான், தொழில் செய்யும்போது மூடுகிற கண்.

"நம்ம வண்டி!" என்றான். "செயின் கொஞ்சம் தொங்குது, கேக்குதா? இந்த வாரம்தான் இறுக்கணும்னு இருந்தேன்." மனைவியின் பக்கம் தலையைச் சாய்த்து, "ஏட்டி, என் வண்டிச் சத்தமா உனக்கு?" என்று கேட்டான். அந்தக் குரலில் இருந்த கூச்சத்தையும் மகிழ்ச்சியையும் கண்டு அம்மையாருக்கு நாற்காலியில் இருக்க முடியவில்லை.

செண்பகவல்லி தன் ரப்பர் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

உறுமல் நகரத் தொடங்கியது. "தெருவுல போகுது… முக்கு திரும்புது…" என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். பிறகு சொல்வதை நிறுத்தினான். வண்டி தேய்ந்து மறைந்தது. வருவதற்கான ஓசைக்காகக் காத்திருப்பவனைப் போல் அவன் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். அது வரவில்லை. பெருமூச்சு வந்தது. அலமாரி அடித்துத் திறந்தது. வளையல்கள் கலகலத்தன.

"இது எந்த வீடு?"

"உங்க வீடுதான் அண்ணாச்சி."

"இல்லியே. நம்ம வீட்டுல இப்படிச் சத்தம் வராது." மூடி விழுந்து சுழன்றது. அவன் உடம்பே ஒருமுறை துணுக்குற்றது. "மூடி விழுந்து கிடக்கு, யாரும் எடுக்கல பாருங்க." அப்போது அந்த முணுமுணுப்பு எழுந்தது. அருகில் வந்தது, விலகியது, மறுபடியும் வந்தது. அவன் கண்ணைத் திறந்தான். அவனையும் அறியாமல் பழகிய கேள்வி வாயில் வந்தது.

"என்ன சத்தம்?"

"நாந்தாங்க" என்றாள் செண்பகவல்லி.

ஜெபசிங் ஒலியை நிறுத்தினான். இசக்கிராஜா அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தான்; கழற்றிப் பார்த்தும் பழுது அகப்படாத இயந்திரத்தைப் பார்ப்பது போல.

"நீ பாடுவியா?" என்றான்.

"உம்."

"அப்ப நான் கேட்டது என்ன? எனக்கு ஒண்ணு போட்டீங்களே தம்பி."

ஜெபசிங் அம்மையாரைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். "ராத்திரி வாசக்கதவத் தாழ்ப்பா போடுற சத்தம் அண்ணாச்சி. உள்பக்கம் இருந்து."

"அது…" என்று தொடங்கி, "எண்ணெ போட்டு நல்லா வச்சிருக்கேன்" என்றான். அதை ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை போலும். எழுந்தான். பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். கதவருகே போனவன் திரும்பாமலே சொன்னான்: "நீ இவுககிட்டப் பேசி என்ன முடிவு எடுக்கியோ எடு. நான் வண்டிய எடுத்துக்கிட்டுக் கிளம்புதேன்."

சாத்தாமல் விட்டுப்போன கதவின் வழியாக, நீதிமன்ற வாசலில் அவன் வண்டியை உதைப்பது கேட்டது. ஒரு முறை, மறுமுறை. உறுமல் எழுந்தது, நகர்ந்தது, தேய்ந்தது. அம்மையாரின் கண்கள் தம்மை மீறித் திரைக்குப் போயின. செண்பகவல்லியின் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். பார்த்தவள் பட்டையைக் கழற்றிவிட்டாள்.

"அதப் பார்க்காதீங்க மேடம்" என்றாள். "எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. பாவம், நல்ல மனுசன்தான்."

அவள் போன பிறகு அம்மையார் அந்தக் காலி நாற்காலியில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். "ஜெபசிங், இதுவரைக்கும் இதுல உக்காந்து சரின்னு சொன்னவங்க எல்லாம் என்ன சத்தத்தக் கேட்டுச் சொன்னாங்க?"

"ஒண்ணு ரெண்டு தவிர ஞாபகம் இல்லையே மேடம்."

"எடுத்துப் பார்க்க முடியாதா?"

"வழக்கு முடிஞ்சதும் அழிச்சிரணும்னு நீங்கதானே சொன்னீங்க. ஒண்ணுவிடாம அழிச்சாச்சு." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒருவேளை அவங்களுக்கெல்லாம் நல்ல சத்தமாவே இருந்திருக்கலாம் மேடம். அந்த இட்லிக் கொப்பரை மாதிரி."

"இருக்கலாம்" என்றார் அவர். "கூடத்தப் பூட்டிச் சாவிய என்கிட்டக் கொடு. நீதிபதி அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"கம்பெனியில என்னைய வறுத்துருவாங்க."

"என் பேரச் சொல்லு."

நீதிபதி உடனே இணங்கவில்லை. சேர்ந்துபோனவர்கள் சேர்ந்துதானே வாழ்கிறார்கள், எவரும் திரும்பி வந்து முறையிடவில்லையே என்றார். அதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது என்றார் அம்மையார். ஒரு வாரத்துக்கு மட்டும் பூட்டிவைக்க அனுமதி கிடைத்தது. அதன்பின் வேலையில் மனம் செல்லவில்லை. நண்பகலிலேயே விடுப்புச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். பணியில் சேர்ந்த நாள்தொட்டு அந்நேரத்தில் அவர் வீடு திரும்பியதில்லை.

தெருவைத் தோண்டிப் போட்டிருந்ததால் ஆட்டோவை முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தார். வெயிலில் தெரு வெறிச்சிட்டிருந்தது. தம் வீட்டை நெருங்குகையில் எங்கோ பலத்த சீழ்க்கை ஒலி கேட்டது. நல்ல மிடுக்கான மெட்டு. சீழ்க்கைக்கு ஏற்ப எவரோ கரண்டியால் வாணலியின் விளிம்பில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் தாளம் தப்பியது. தப்பியதற்காக அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டார். யார் வீட்டில் இத்தனை கொண்டாட்டம் என்று அம்மையார் அண்டைவீட்டுப் பக்கம் பார்த்தார். அந்த வீடு பூட்டியிருந்தது.

ஒலி தம் வீட்டு அடுக்களையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அவர் கை கேட்டின் கொக்கிமேல் இருந்தது. கையை எடுக்கவும் மனமில்லை, கொக்கியைத் தூக்கவும் துணிவில்லை. சிதம்பரநாதனுக்குச் சீழ்க்கை அடிக்கத் தெரியும் என்பது முப்பது ஆண்டில் அவருக்குத் தெரியாது. வெயில் உச்சந்தலையைச் சுட்டது. எத்தனை நேரம் திருடியைப் போல் தம் வீட்டு வாசலிலேயே நிற்பது? உள்ளே போவோம், நிறுத்தாதீர்கள், உங்கள் பாட்டுக்கு அடியுங்கள் என்று சொல்வோம் என எண்ணிக்கொண்டார். அந்தச் சொற்களை மனத்துக்குள் ஒருமுறை சொல்லியும் பார்த்துக்கொண்டார். கொக்கியைத் தூக்கினார்.

இரும்பு இரும்பில் மோதியது. சீழ்க்கை நின்றது. கரண்டியும் நின்றது.

அவர் வீட்டு முன்னறைக்கு வருவதற்குள் அடுக்களை, எப்போதும் இருப்பது போல், ஆளற்ற இடம் போல் ஆகிவிட்டிருந்தது. சிதம்பரநாதன் மோர் டம்ளரோடு எதிரே வந்தார். முகத்தில் வழக்கமான மெல்லிய புன்னகை. "என்னம்மா, சீக்கிரம் வந்துட்டே? தலைவலியா?" என்று வழக்கமான தணிந்த குரலில் கேட்டார்.

சொல்ல வைத்திருந்த சொற்கள் ஒன்றும் அம்மையாரின் வாயில் வரவில்லை. வந்தது வேறு.

"என்னங்க சத்தம்?"

"ஒண்ணுமில்லை" என்றார் சிதம்பரநாதன்.

சொல்லிக்கொண்டே டம்ளரை மேசைமேல் வைத்தார். அவருடைய சுண்டுவிரல் முதலில் மேசையைத் தொட்டது.